பெயரும் ஊரும்: கடல் கடந்த கொங்கு மக்களைத் தேடும் ஆவணங்கள்

கடல் கடந்த தமிழர் என்றதும் நம் நெஞ்சம் சோழர் கப்பற்படையை நோக்கி ஓடுகிறது. கடாரம் வென்ற இராசேந்திரனை மேடைதோறும் பாராட்டுகிறோம், பாராட்டத் தக்கவனே. ஆயின் அவனுக்கு எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னர், அதே கடலில், கப்பலின் கீழ்த்தட்டில் நெருக்கியடித்து அமர்ந்து, கூலிகளாகச் சென்ற இலட்சக்கணக்கான தமிழரைப் பற்றி நம் விழா மலர்களில் எழுதப்படுவது குறைவு. அவர்களுள் அன்றைய கோயமுத்தூர், சேலம் மாவட்டங்களைச் சேர்ந்த கொங்கு மக்களும் இருந்தனர். இன்று அவர்களுடைய நான்காம், ஐந்தாம் தலைமுறையினர் தென்னாப்பிரிக்காவிலும் மொரீசியசிலும் பிஜியிலும் இருந்துகொண்டு தம் முன்னோரின் ஊரைத் தேடுகின்றனர். அவர்கள் கையில் இருப்பது ஒரு பழைய தாளின் படி மட்டுமே. அதில் ஒரு பெயர், ஒரு தந்தை பெயர், ஓர் ஊர்ப்பெயர். அந்தத் தாளைப் படித்துச் சொல்ல வேண்டியவர் யார் என்பதே இக்கட்டுரையின் வினா.

முன்னோரைத் தேடுதல் இன்று உலகெங்கும் ஒரு தனித்துறையாக வளர்ந்துள்ளது. ஸ்காட்லாந்திலிருந்து கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறியோரின் வழித்தோன்றல்கள் இதில் முன்னிற்கின்றனர். அவர்களுக்கு வழி எளிது. 1855 முதல் ஸ்காட்லாந்தில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவுசெய்தல் சட்டப்படி கட்டாயமாயிற்று. இறப்புப் பதிவில்கூட இறந்தவருடைய தாயின் பிறந்த வீட்டுப் பெயர் காணப்படும். அதற்கு முற்பட்ட காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகள் உள்ளன. இலங்கையில் தேயிலைத் தொழிலுக்கு வித்திட்ட ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1852-இல் அங்கு வந்தவர். 1867-இல் லூல்கந்துரா தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டவர். அவர் தம் தந்தைக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோ நகரத்துத் தேசிய நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. அந்த 19 ஏக்கரில் மண் கொத்திய தமிழர்களின் கடிதங்கள் எந்த நூலகத்தில் உள்ளன? எழுத்தறியாதவர் கடிதம் எழுதுவதில்லை. அவர்களைப் பற்றிப் பிறர் எழுதி வைத்தவையே அவர்களுக்குரிய ஆவணம்.

சென்றவர் யார்?

பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை ஒழிக்கப்பட்ட பின்னர்க் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1834 முதல் மொரீசியசுக்கு இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்கள் இறங்கிய துறை இன்று ஆப்பிரவாசி கட்டம் என்னும் பெயரால் 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்குகிறது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்கு முதல் கப்பல் சென்னையிலிருந்தே சென்றது. ‘ட்ரூரோ’ என்னும் அக்கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் இருந்தனர். 1866-இல் நின்று 1874-இல் மீண்டும் தொடங்கிய இப்பெயர்ச்சி 1911 வரை நடைபெற்றது. நேட்டாலுக்குச் சென்றோர் மொத்தம் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை 60,000-க்கும் மேற்பட்டோர் சென்றனர். அங்குச் சென்னையிலிருந்து ஆள் அனுப்புதல் 1903-இல்தான் தொடங்கியது. ஆயினும் 15,000-க்கு மேற்பட்டோர் அவ்வழி சென்றனர். ‘அக்ரிமெண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல் இம்மக்கள் வாயில் தேய்ந்து ‘கிர்மிட்’ ஆயிற்று. ஐந்தாண்டு உழைப்புக்குக் கட்டுப்பட்ட வாழ்க்கை முழுவதற்கும் அதுவே பெயராயிற்று.

இவர்கள் ஏன் சென்றனர்? 1876 முதல் 1878 வரை நிலவிய தாதுவருடப் பஞ்சத்தைக் கொங்கு நாட்டு முதியோர் தம் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டிருப்பர். 1871-இல் 19 இலட்சத்துக்கு மேல் இருந்த சேலம் மாவட்ட மக்கள்தொகை 1881-இல் 16 இலட்சத்துக்குக் குறைந்தது. கோயமுத்தூர் மாவட்டத்தின் தொகையும் குறைந்தது. மாண்டோர் பலர், ஊரைவிட்டு அகன்றோரும் பலர். மழையை நம்பிய மேட்டுக்காட்டில் பண்ணையத்துக்கு ஆளாக இருந்தவனுக்குப் பஞ்சத்தில் முதலில் போவது கூலி. தறி நெய்தவனுக்கு முதலில் போவது வாங்குவோர் கூட்டம். 1862-இல் சென்னையிலிருந்து போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரை வரை இருப்புப்பாதை அமைந்துவிட்டது. ஊரைவிட்டு ஓடுபவனுக்குச் சென்னைத் துறைமுகம் ஓரிரு நாள் தொலைவுக்கு வந்துவிட்டது. கோவையின் முதல் நூற்பாலை எழுந்தது 1888-இல். அது பஞ்சத்துக்குப் பத்தாண்டு பிந்தியது.

தாளில் உள்ளவை

நேட்டாலுக்குச் சென்ற ஒவ்வொருவருக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. திருமணம், இறப்பு, வழக்கு என எதிலும் அந்த எண் அவரைத் தொடர்ந்தது. கப்பற் பட்டியலில் எண்ணுக்கு அடுத்துப் பெயர், தந்தை பெயர், அகவை, பால், சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலில் உள்ள அடையாளம் ஆகியவை வரிசையாக இடம்பெறும். பிஜிக்குச் சென்றோர்க்கு ஆளுக்கொரு தனிச்சீட்டு. அதில் உயரம் அடி, அங்குலக் கணக்கில் இருக்கும். மணமானவராயின் துணையின் பெயரும், நெருங்கிய உறவினரின் பெயரும் இருக்கும். மொரீசியசுக்குச் சென்றோர் பலருடைய நிழற்படங்களும் எடுக்கப்பட்டன. அப்பதிவேடுகள் மோக்கா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் பாதுகாப்பில் உள்ளன. பிஜி, கயானா, சுரிநாம், டிரினிடாட் ஆகிய நாடுகளின் இத்தகைய ஆவணங்களை 2011-இல் யுனெஸ்கோ நிறுவனம் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்த்தது. நேட்டால் பட்டியல்களை இன்று கணினியிலேயே தேடலாம்.

இத்தாள்கள் அன்பினால் எழுதப்பட்டவை அல்ல. தப்பி ஓடியவனைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே தழும்பு குறிக்கப்பட்டது. கூலிக் கணக்கு பிசகக்கூடாது என்பதற்காகவே எண் தரப்பட்டது. எனினும் காலம் செய்த விந்தை இது: ஒரு மனிதனைக் கட்டிவைக்க எழுதப்பட்ட தாளே இன்று அவனுக்குப் பெயர் தரும் தாளாக நிற்கிறது. 1894-இல் முன்பற்கள் உடைந்து, தலைப்பாகையைக் கையில் ஏந்தி, டர்பனில் காந்தியடிகள் முன் வந்து நின்ற பாலசுந்தரம் ஓர் ஒப்பந்தத் தொழிலாளி. காந்தியடிகள் தன்வரலாற்றில் எழுதியமையால் அவர் பெயரை உலகம் அறியும். அவரைப் போல் அடிபட்டும் எவரிடமும் செல்ல இயலாதோர்க்குப் பட்டியலில் உள்ள ஒற்றை வரியே எஞ்சியது.

ஆய்வாளர் சிலர் இவ்வரிகளைப் பொருட்படுத்தி உழைத்துள்ளனர். பிஜிக்குச் சென்ற வடஇந்தியரின் சீட்டுகளை ஒன்றுவிடாமல் ஆராய்ந்து பிரிஜ் லால் 1983-இல் ஒரு நூல் வெளியிட்டார். அவரே ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் பேரர். நேட்டால் கப்பற் பட்டியல்களை ஆராய்ந்த சுரேந்திர பானாவின் நூல் 1991-இல் வெளிவந்தது. எத்தனை பேர், எந்த மாவட்டம், என்ன அகவை என்பனவற்றை அவர்கள் தொகுத்துத் தந்தனர். தனி ஒருவரின் பெயரைத் தமிழில் மீட்டெடுக்கும் பணி அதற்கு அடுத்தது. அது தமிழ் அறிந்தோர்க்கு உரியது.

ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்

எழுத்தரின் செவியில் விழுந்த தமிழ்ப் பெயர் ஆங்கில எழுத்தில் அமர்ந்தபோது பல ஒலிகள் உதிர்ந்தன. லகர, ளகர, ழகரங்கள் ஒன்றாயின. ரகர, றகரங்கள் ஒன்றாயின. குறிலும் நெடிலும் மயங்கின. அப்பட்டியலில் ‘வேலன்’ போலத் தோன்றும் ஒரு சொல்லை வெள்ளன் என்றும் வேளான் என்றும் வெள்ளையன் என்றும் படிக்க இடமுண்டு. காளி, கலி ஆகிறாள். பழனியை அக்கால ஆங்கிலேயர் ‘புல்னி’ என்றே எழுதினர். குப்பன் ‘கூப்பன்’ ஆனான். முத்து ‘மூட்டு’ ஆனான். பிரெஞ்சு மொழி வழங்கிய மொரீசியசில் ‘மூட்டூ’ ஆனான். பாட வேறுபாடு பார்த்துச் சுவடி பதிப்பிக்கப் பயின்றோர்க்கு இது புதிய வேலை அன்று. ஏட்டில் புள்ளியும் காலும் இன்றி எழுதப்பட்ட சொல்லை இடம்நோக்கிப் படித்த உ.வே.சா. மரபில் வந்தவர்கள் நாம். அதே முறையை இங்கும் கையாளலாம்.

பட்டப்பெயர்கள் தனிக்கதை. தனிப்பெயர் ஒன்றே உடைய தமிழர்க்குக் குடும்பப் பெயர் வேண்டும் எனப் பிறநாட்டு வழக்கம் வற்புறுத்தியபோது, தந்தை பெயரோ சாதிப் பட்டமோ அவ்விடத்தில் வந்து அமர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் முதலியார் ‘மூட்லி’ ஆயினர்; நாயுடு ‘நாய்டூ’ ஆயிற்று; கவுண்டன் என்பது ‘கவுண்டென்’ என நின்றது. அங்கே பெருவழக்காக உள்ள ‘கோவெண்டர்’ என்பதும் கவுண்டர் என்பதன் திரிபே என்பர் பலர். பிஜியிலும் ‘கவுண்டார்’ என்ற குடும்பப் பெயர் பரவலாக உண்டு.

இதைக் கண்டதும் அவர்களெல்லாம் நம் கொங்கு நாட்டாரே என்று மகிழ்ந்துவிடக் கூடாது. கவுண்டர் என்பது கொங்கு வேளாளர்க்கு மட்டும் உரிய பட்டம் அன்று. வேட்டுவர், குரும்பர், ஊராளிகள் ஆகியோர்க்கும், சேலம், வட ஆர்க்காட்டுப் பகுதி வன்னியர்க்கும் அப்பட்டம் உண்டு. பட்டம் தானே ஊரைக் காட்டாது. ஊர்ப்பெயரும் தாலுகாவும் ஒத்துவந்தால் அன்றிப் பட்டத்தைச் சான்றாகக் கொள்ளல் தகாது.

பட்டத்தைவிட இயற்பெயர் நமக்குச் சிறந்த வழிகாட்டி. நாச்சிமுத்து, சென்னியப்பன், சென்னிமலை, காளியண்ணன் போன்ற ஆண்பெயர்களும், ராமாத்தாள், செல்லாத்தாள், வேலாத்தாள் என ‘ஆத்தாள்’ ஈறு பெறும் பெண்பெயர்களும் கொங்கு மண்ணில் மிகுதி. பெரியண்ணன், அருக்காணி என்னும் பெயர்களைக் கண்டால் அண்ணன்மார் கதை வழங்கும் நாட்டை எண்ணிப் பார்க்கலாம். இவையும் முடிந்த முடிபு ஆகா. தேடலை எந்தத் திசையில் தொடங்கலாம் என்று மட்டும் காட்டும்.

வழிபாட்டு முறைகளிலும் இந்த எச்சரிக்கை வேண்டும். தென்னாப்பிரிக்கத் தமிழர் இன்றும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகின்றனர். அது எந்த மாவட்டத்து வழக்கம் என்று ஆராயலாம். ஆனால் ஒரே தோட்டத்து வரிசை வீடுகளில் ஆர்க்காட்டாரும் தஞ்சையாரும் கொங்கரும் தெலுங்கரும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். ஒருவர் சாமி மற்றவர் சாமி ஆயிற்று. ஆகவே வழிபாட்டைக் கொண்டு பிறந்த ஊரை உறுதிசெய்தல் அரிது.

ஊர்ப்பெயரும் எல்லையும்

கொங்கு நாட்டு ஊர்ப்பெயர்கள் தேடுவோரை மலைக்கச் செய்வன. புதூர் எத்தனை! புதுப்பாளையம் எத்தனை! கவுண்டன்பாளையம் எத்தனை! ‘பாளையம்’ என்பது அக்கால ஆங்கில எழுத்தில் ‘பொல்லியம்’ என்று உருமாறி நிற்கும். ‘வலசு’ என முடியும் ஊர்கள் நம்மிடையே பல. ஈரோட்டுப் பெரியவலசை நாம் அனைவரும் அறிவோம். வலசை போதல் என்றால் இடம்விட்டு இடம் பெயர்தல். இடம்பெயர்ந்து வந்தோர் அமைத்த குடியிருப்பே வலசு எனப்பட்டது என்பர். அத்தகைய வலசிலிருந்து மீண்டும் ஒருவன் கடல் கடந்து வலசை போனான் என்றால், அவன் ஊர்ப்பெயரிலேயே அவன் முன்னோரின் பயணமும் பதிந்துள்ளது எனலாம்.

பழைய தாளில் உள்ள மாவட்டம் இன்றைய மாவட்டம் அன்று. இதை அறியாமல் தேடுவோர் பல நாள் அலைய நேரும். கரூர் தாலுகா 1910 வரை கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது; பின்னர்த் திருச்சிராப்பள்ளியில் சேர்ந்தது; 1995-இல் தனி மாவட்டமாயிற்று. கொள்ளேகால் 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது; இன்று கருநாடக மாநிலத்தில் உள்ளது. நாமக்கல் 1910-இல் சேலத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்குச் சென்று, பின்னர்ச் சேலத்துக்கே திரும்பி, 1997-இல் தனி மாவட்டமாயிற்று. ஈரோடு 1979-இலும் திருப்பூர் 2009-இலும் பிரிந்தன. ஆகவே ‘கோயமுத்தூர் சில்லா’ என்று எழுதிய ஒரு தாளைக் கொண்டு வருபவர் இன்றைய கோவையில் மட்டும் தேடினால் பயன் இராது. அவர் முன்னோர் பவானிக் கரையினராகவோ அமராவதிக் கரையினராகவோ இருக்கக்கூடும்.

செப்பேடும் சீட்டும்

முன்னோர் வரலாற்றைப் போற்றுவதில் கொங்கு நாடு எந்த நாட்டுக்கும் இளைத்ததன்று. கார்மேகக் கவிஞரின் கொங்கு மண்டல சதகம் நமக்கு உண்டு. கோவைகிழார் கொங்கு வரலாறு எழுதினார். புலவர் செ. இராசு அவர்கள் ஊர் ஊராகச் சென்று கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் ஓலைகளையும் திரட்டி அச்சேற்றினார்கள். குலம், கூட்டம், காணியூர், காணிக் கோயில் என நம் குடிவழி அறிவு விரிவானது.

ஆயினும் அந்தச் செப்பேடுகளில் யார் பெயர் உள்ளது? காணி உடையவர் பெயர், கொடை கொடுத்தவர் பெயர், பட்டக்காரர் பெயர். ஆங்கிலேயர் காலத்து நிலப் பதிவேடுகளில் பட்டாதாரர் பெயர். கப்பலேறியவருள் பெரும்பாலோர் நிலமற்றோர். காடு உழுதவர், தோல் பதனிட்டவர், தறி நெய்தவர், ஊருக்கு ஒதுக்குப்புறத்தே வாழ்ந்தவர். அவர்களுக்குக் காணியும் இல்லை, பட்டாவும் இல்லை, செப்பேடும் இல்லை. பிறந்த மண் அவர்கள் பெயரை எழுதி வைக்கவில்லை. கரும்புத் தோட்டத்து முதலாளியின் எழுத்தரே எழுதி வைத்தார். கொங்கு நாட்டு வரலாறு எழுதுவோர் இதனை மறைக்காமல் எழுத வேண்டும்.

சாதிக் கட்டமும் இதனோடு சேர்ந்த செய்தி. அயல்நாட்டிலிருந்து வருவோர் சிலர் தம் குடும்பத்தில் சொல்லப்பட்ட சாதி ஒன்றாகவும் தாளில் உள்ள சாதி வேறொன்றாகவும் காண்பதுண்டு. கிடங்கில் பதிந்தபோது மாற்றிச் சொன்னவரும் உண்டு. எழுத்தர் பிழையாய்ப் பதிந்ததும் உண்டு. கடல் கடந்தபின் புதுப் பட்டம் சூடியோரும் உண்டு. ஊரில் தம்மை அழுத்திய ஒன்றைக் கடலில் கழற்றி எறிந்தவரை நாம் குறைகூற இயலாது. வருவோரிடம் தாளில் உள்ளதை உள்ளவாறே படித்துச் சொல்லுதலே நம் கடன். அவர்கள் மகிழ வேண்டும் என்பதற்காக உயர்த்திச் சொல்லுதலும், நம் பெருமைக்காகத் திரித்துச் சொல்லுதலும் ஆய்வு ஆகா.

பெண்களின் பதிவுகள் தனிக் கவனம் வேண்டுவன. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது செல்ல வேண்டும் என்பது பிஜிக்குரிய விதி. கணவனுடன் சென்றோர், கைம்பெண்கள், கைவிடப்பட்டோர், தனியே துணிந்து புறப்பட்டோர் எனப் பலர் அதனுள் அடங்குவர். பிஜியின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைந்து பாரதியார் உருகிப் பாடினார். அப்பாட்டில் வரும் பெண்களுக்குப் பெயர் இல்லை. இன்று சீட்டுகளில் அப்பெயர்கள் கிடைக்கின்றன. பாரதி அழுத அழுகைக்குரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் வாய்ப்பு, அவர் காலத்துக் கவிஞர்க்கு இல்லாதது, இன்றைய கவிஞர்க்கு உண்டு.

அருகில் உள்ள தேடல்

கடல் கடந்த நாடுகளை மட்டும் எண்ண வேண்டியதில்லை. இலங்கைக்குச் சென்றோர் கங்காணி வழியாகச் சென்றவர்கள். அங்கு ஒப்பந்தச் சீட்டு இல்லை; கங்காணியின் கடன் கணக்கே உண்டு. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறக் கடன்தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழுத்தில் தொங்கவிட்ட தகரச் சீட்டில் எழுத்தும் எண்ணுமே இருந்தன. ஆகையால் ‘கண்டிச்சீமை’க்குப் போனவர் வழியைத் தேடுதல் நேட்டாலுக்குப் போனவர் வழியைத் தேடுவதைவிடக் கடினம். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கைப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாயிற்று. அவ்வாறு தாயகம் திரும்பியோரில் பலர் நீலகிரி மலையில், தமிழக அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். கோத்தகிரியும் கூடலூரும் நமக்குத் தொலைவல்ல. பாட்டனின் ஊர்ப்பெயரை மட்டும் நெஞ்சில் வைத்திருக்கும் முதியோர் அங்கே இன்னும் உள்ளனர். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்ள இன்னும் சில ஆண்டுகளே உண்டு.

நாம் செய்யத்தக்கவை

இலக்கிய வட்டம் ஒன்று இதில் என்ன செய்ய இயலும் எனக் கேட்கலாம். மூன்று பணிகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, ஊர்ப்பெயர்த் தொகுப்பு. உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் தாலுகாவின் ஊர், சிற்றூர், குக்கிராமப் பெயர்களைத் தொகுத்து, மக்கள் வாயில் வழங்கும் வடிவத்தையும் பழைய ஆங்கில வடிவத்தையும் அருகருகே எழுதுதல் வேண்டும். நிக்கல்சன் 1887-இல் தொகுத்த கோயமுத்தூர் மாவட்டக் கையேடு அக்கால ஆங்கில வடிவங்களுக்கு உதவும். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் உதவும்.

இரண்டாவது, போனவர் பட்டியல். நம் ஊர்களில் ‘கண்டிக்காரர் வீடு’, ‘பினாங்குக்காரர் தோட்டம்’ என வழங்கும் இடங்கள் உண்டு. சண்டையிட்டு ஓடிப்போன பெரியப்பன், திரும்பி வராத அத்தை என வீடுகளில் அரைகுறையாய்ச் சொல்லப்படும் கதைகளும் உண்டு. அவற்றைப் பெயர், உறவு, குலதெய்வம், போன காலம் என்னும் நான்கு தலைப்பில் எழுதினால் போதும். அங்கிருந்து வரும் தாளுக்கும் இங்குள்ள நினைவுக்கும் இணைப்பு அப்போதுதான் கிட்டும்.

மூன்றாவது, பெயர் படிக்கும் பயிற்சி. எம் கல்லூரி மாணவியரிடம் ஆங்கில எழுத்தில் சிதைந்த இருபது பெயர்களைக் கரும்பலகையில் எழுதிப் படிக்கச் சொன்னதுண்டு. நகரத்து மாணவியர் திணறினர். தாராபுரம், காங்கயம் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தோர் தம் பாட்டிமாரின் பெயர்களைக் கொண்டு ஒவ்வொன்றாக விடுவித்தனர். பெருமாள்முருகன் 2000-இல் வெளியிட்ட கொங்கு வட்டாரச் சொல்லகராதி போன்ற நூல்கள் வட்டார மொழியின் மதிப்பை நமக்கு உணர்த்தியுள்ளன. அந்த வட்டார அறிவுக்கு இங்கே ஒரு நேரடிப் பயன் உண்டு.

பத்தாண்டுகளாக நம் வட்டம் கவிதை படித்தது, நூல் வெளியிட்டது, புலவர்களைப் பாராட்டியது. அடுத்த பத்தாண்டில் ஒரு சிறு நூலையேனும் இப்பொருளில் கொண்டுவர வேண்டும் என்பது என் வேண்டுகோள். அந்நூலில் ஆய்வுரைகள் மிகுதியாய் இருக்க வேண்டியதில்லை. பெயர், தந்தை பெயர், ஊர், கப்பல், ஆண்டு எனத் தமிழில் திருத்தமாய் எழுதப்பட்ட ஒரு பட்டியல் இருந்தால் போதும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தம் பெயரைப் பிறர் எழுத்தில் பதியக் கொடுத்துச் சென்றவர்க்கு, அப்பெயரைத் தாய்மொழி எழுத்தில் திருப்பி எழுதித் தருவோம்.